இரைச்சல் யார் கணக்கில்?

குவாண்டம் சாவிப் பகிர்வு என்கிற துறையில் ஒரு விதி உண்டு. பாடப்புத்தகங்கள் அதைப் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த சமன்பாட்டுக்குப் போய்விடும். வழியில் நேர்ந்த பிழை எதுவானாலும் சரி, அதற்குக் காரணம் என்ன என்று உனக்கே தெரிந்திருந்தாலும் சரி, அதை ஒட்டுக்கேட்பவர் செய்ததாகவே கணக்கில் எழுது. இதுதான் அந்த விதி. கேபிள் வெயிலில் சூடாகியிருக்கலாம். கருவி பழசாகியிருக்கலாம். அதே இழையில் ஓடுகிற இன்னொருவருடைய வெளிச்சம் கொஞ்சம் இந்தப் பக்கம் சிந்தியிருக்கலாம். அதெல்லாம் பேச்சே இல்லை, எல்லாம் எதிரி வேலை.

முதல் தடவை கேட்கும்போது ஒரு சந்தேகப் பேர்வழியின் டைரியைப் படிப்பது போல இருக்கும். வாசலில் செருப்பு இடம் மாறிக் கிடந்தால் யாரோ வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள், பால் திரிந்தால் எதிர்வீட்டுக்காரியின் கண் பட்டிருக்கிறது. இப்படி வாழ்கிறவர்கள் நம் எல்லோர் குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார்கள். கல்யாண வீட்டில் அவர் பக்கத்தில் உட்கார யாரும் முன்வர மாட்டார்கள். ஆனால் மேலே சொன்ன விதியை எடுத்துவிட்டால் இந்தத் துறையின் பாதுகாப்பு நிரூபணம் என்று ஒன்றுமே மிஞ்சாது. எனக்கு இருக்கும் கேள்வி இதுதான்: எல்லாச் சத்தத்தையும் எதிரி என்று எடுத்துக்கொள்ளும் ஓர் ஏற்பாடு, பலரோடு ஒரே இழையில் குடித்தனம் நடத்த வேண்டி வந்தால் என்ன ஆகும்? அந்தச் சந்தேகத்துக்கான விலையை யார் கொடுப்பார்கள்?

கொஞ்சம் இயற்பியல் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள், ரொம்ப நேரம் இல்லை.

1984 டிசம்பரில், பெங்களூரில் நடந்த ஒரு கணினித் துறை மாநாட்டில் சார்லஸ் பென்னட், ஜில் ப்ரஸார் என்ற இருவர் ஒரு கட்டுரை அளித்தார்கள். இன்றைக்கு 'பிபி84' என்று அறியப்படும் முறை அதில்தான் இருக்கிறது. அதன் விதை ஸ்டீஃபன் வீஸ்னர் என்பவருடையது. அவர் 1970 வாக்கில் எழுதியதைப் பிரசுரிக்க ஆள் இல்லாமல் 1983 வரை அது கிடப்பில் கிடந்தது. முறை இவ்வளவுதான். ரகசியச் சாவி என்பது பூஜ்யங்களும் ஒன்றுகளுமான ஒரு வரிசை. அதை ஒற்றை ஒற்றை ஃபோட்டான்களில் ஏற்றி அனுப்புகிறோம். ஒரு ஃபோட்டானிடம் இரண்டு வகைக் கேள்விகளில் ஏதாவது ஒன்றைத்தான் கேட்க முடியும். சரியான கேள்வியைக் கேட்டால் சரியான பதில் வரும். தப்பான கேள்வியைக் கேட்டால் குருட்டாம்போக்கில் ஒரு பதில் வரும், கூடவே அதன் பழைய நிலையும் அழிந்துபோகும். நகலெடுத்து வைத்துக்கொண்டு பிறகு நிதானமாகப் பார்க்கலாம் என்றால் அதுவும் நடக்காது. தெரியாத ஒரு குவாண்டம் நிலையை நகலெடுக்கவே முடியாது என்று 1982இல் வூட்டர்ஸும் ஜூரெக்கும் ஒரு பக்கம், டீக்ஸ் இன்னொரு பக்கம் நிரூபித்துவிட்டார்கள். எனவே நடுவில் ஒருவர் எல்லா ஃபோட்டானையும் பிடித்து, அளந்து, புதிதாக ஒன்றைத் தயார் செய்து அனுப்பிவைத்தால் மறுமுனையில் 25 சதவீதம் பிழை தெரியும். ஒட்டுக்கேட்டால் தடம் விழும்.

சரி, தடம் விழுகிறது. ஆனால் எந்தத் தடம் யாருடையது? அதுதான் தெரியாது. ஒட்டுக்கேட்பவர் ஏற்படுத்தும் பிழையும் கண்ணாடியின் குறையால் வரும் பிழையும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். "இது பழைய கேபிள், இரண்டு சதவீதம் பிழை எப்போதும் வரும்" என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டால், எதிரி அந்தப் பழைய கேபிளை ராத்திரியோடு ராத்திரியாகக் குறையில்லாத ஒன்றாக மாற்றிவிட்டு, அந்த இரண்டு சதவீத இடத்தில் தான் குடியேறிக்கொள்ளலாம். நம்முடைய பெருந்தன்மைதான் அவர் ஒளிந்துகொள்ளும் இடம். அதனால்தான் அந்த விதி. சந்தேகப் பேர்வழிக்கு இல்லாத ஒரு நியாயம் இதற்கு இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி இந்தக் கதைக்குள் அண்டை வீட்டார் வருகிறார்கள்.

ஆரம்ப காலத்தில் இந்தச் சோதனைகள் எல்லாம் தனி இழையில் நடந்தன. வேறு எந்த வெளிச்சமும் ஏற்றாத இழைக்குத் தொழிலில் 'டார்க் ஃபைபர்' என்று பெயர். சாலையைத் தோண்டிப் புதைத்த கேபிளில் ஓர் இழை முழுவதையும் இருட்டாக வைத்து, அதில் நொடிக்குச் சில கோடி ஃபோட்டான்களை மட்டும் ஓட்டுவது என்றால், எட்டு வழிச்சாலையை மூடிவிட்டு ஒரு சைக்கிளை விடுவது போல. எந்தத் தொலைத்தொடர்பு நிறுவனம் ஒத்துக்கொள்ளும்? 1997இல் பிரிட்டிஷ் டெலிகாம் ஆய்வகத்தைச் சேர்ந்த பால் டவுன்சென்ட், சாவியையும் சாதாரணத் தரவையும் ஒரே இழையில் சேர்த்து ஓட்டிக் காட்டினார். தரவு 1550 நானோமீட்டர் அலைநீளத்தில், சாவி 1300இல். அன்றிலிருந்து இந்தக் கூட்டுக் குடித்தனம் பற்றிய ஆய்வு நிற்கவில்லை.

கூட்டுக் குடித்தனம் எவ்வளவு பொருந்தாத ஒன்று என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. சாதாரணத் தரவு ஓடும் ஒரு லேசரின் சக்தி ஒரு மில்லிவாட் என்று வைத்துக்கொள்வோம். அறையில் எரியும் எல்இடி பல்போடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த ஒரு மில்லிவாட்டில் நொடிக்கு ஏறத்தாழ 7,800 லட்சம் கோடி ஃபோட்டான்கள் இருக்கின்றன. சாவி அனுப்பும் பக்கம் நொடிக்கு நூறு கோடித் துடிப்புகள், இரண்டு துடிப்புக்குச் சராசரியாக ஒரு ஃபோட்டான் என்றால் மொத்தம் ஐம்பது கோடி. ஒன்றுக்கு ஒன்றரைக் கோடி என்ற விகிதம். அதுவும் ஒரே ஒரு தரவு லேசருக்கு. முதுகெலும்பு போன்ற பெரிய தடங்களில் அப்படிப் பல பத்து லேசர்கள் பல நிறங்களில் ஒன்றாக ஓடும். திருவிழாக் கூட்டத்தில், ஐம்பது ஒலிபெருக்கிகளுக்கு நடுவில், ஒருவர் காதில் இன்னொருவர் ரகசியம் சொல்கிறார்.

நிறம் வேறுவேறு என்றால் வடிகட்டிப் பிரித்துவிடலாமே என்று தோன்றும். முக்கால்வாசி அப்படித்தான் செய்கிறார்கள். மிச்சக் கால்வாசியில்தான் ராமன் வருகிறார். கண்ணாடியில் ஓடும் ஒளியின் மிகச் சிறு பங்கு, கண்ணாடியின் மூலக்கூறு அதிர்வுகளோடு மோதி நிறம் மாறிச் சிதறுகிறது. அந்தச் சிதறல் ஒரு நிறத்தில் நின்றுவிடாமல் இருபக்கமும் நூறு நானோமீட்டருக்கு மேல் பரவும். அதில் சில ஃபோட்டான்கள் நிறம் மாறி வரும்போது சரியாகச் சாவியின் நிறத்துக்கே வந்து சேர்கின்றன. அப்புறம் எந்த வடிகட்டியாலும் பிரிக்க முடியாது. ஒரு ஃபோட்டானின் நெற்றியில் 'நான் இன்னார் வீட்டுப் பிள்ளை' என்று எழுதியிருப்பதில்லை.

திருச்சியில் பிறந்த சந்திரசேகர வெங்கட ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் கல்கத்தாவில் 1928 பிப்ரவரியில் உறுதி செய்த விளைவுதான் இது. எனக்கு இந்த இடத்தில் அதைவிடச் சுவாரசியமாகப் படுவது ஐந்து வருஷம் முந்தைய ஒரு சம்பவம். 1923இல் ராமனோடு வேலை பார்த்த கே. ஆர். ராமநாதன், திரவங்களில் சிதறும் ஒளியை ஆராய்ந்தபோது, எதிர்பாராத ஒரு மங்கலான வெளிச்சத்தைப் பார்த்தார். திரவத்தில் அழுக்கு இருக்கிறது, அதுதான் ஒளிர்கிறது என்பதே அப்போதைய அனுமானம். திரும்பத் திரும்ப வடித்துச் சுத்தம் செய்தார்கள். அந்த வெளிச்சம் போகவே இல்லை. அதைத் துரத்திப் போனதன் முடிவுதான் 1930இன் நோபல் பரிசு. கல்கத்தாவில் அழுக்கு என்று நினைத்துப் பார்த்த பொருள்தான் கண்டுபிடிப்பாக ஆனது. நூறு வருஷம் கழித்து அதே வெளிச்சம் மறுபடி அழுக்கின் பட்டியலுக்குத் திரும்பியிருக்கிறது, இந்தத் தடவை ஒற்றன் என்ற கூடுதல் பட்டத்தோடு.

இப்போது நம் கேள்விக்கு வரலாம். பொறியாளருக்கு இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று தெரியும். பக்கத்து நிறத்தில் ஓடும் தரவு லேசரை அணைத்தால் பிழை குறையும், ஏற்றினால் கூடும். இருந்தாலும் கணக்குப்புத்தகத்தில் அதை எதிரியின் பெயரில்தான் எழுத வேண்டும். நீங்களும் நானும் அனுப்பும் காலை வணக்கப் படங்கள், ரீல்ஸ், பேங்க் ஓடிபி, எல்லாம் சேர்ந்து ஓடும் அந்தப் பெருவெளிச்சம், நிரூபணத்தின் பார்வையில் ஓர் ஒற்றனின் நடமாட்டம். இது அநியாயம் இல்லையா?

நான் கொஞ்ச நாள் யோசித்தபிறகு இல்லை என்றுதான் தோன்றியது. காரணம், இந்தச் சந்தேகம் என்ன செய்கிறது என்று பாருங்கள். அது யாரையும் தேடிப் போவதில்லை. யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. ஒட்டுக்கேட்பவர் என்று ஒருவர் இருக்கிறாரா என்றுகூட அது கேட்பதில்லை. ஒருவேளை இருந்தால், அவருக்கு அதிகபட்சம் எவ்வளவு தெரிந்திருக்க முடியும் என்று மட்டும் கணக்குப் போடுகிறது. பிறகு அந்த அளவுக்குத் தன் சாவியைத் தானே வெட்டிக் குறைத்துக்கொள்கிறது. ஏட்டுக் கணக்கின்படி 2 சதவீதம் பிழை வந்தால், நூறு பிட்டில் 71 அளவுதான் மிஞ்சும். 5 சதவீதம் என்றால் 42. 11 சதவீதத்தைத் தொட்டால் ஒன்றும் மிஞ்சாது, சாவி கிடையாது, கடையைச் சாத்திவிட வேண்டியதுதான். உண்மையான கருவிகளில் இன்னும் குறைவாகவே கிடைக்கும். ஆக, சந்தேகப்படுகிறவரே சந்தேகத்தின் செலவை ஏற்கிறார். பக்கத்து நிறத்தில் ஓடும் தரவுக்கு, தன்னை ஒருவர் ஒற்றன் என்று எழுதிவைத்திருக்கிறார் என்பதே தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

நமக்குப் பழக்கமான சந்தேகங்களை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். சூப்பர் மார்க்கெட் வாசலில் பையைக் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு போகிறோம். திருட்டு நடக்கலாம் என்பது கடைக்காரரின் கவலை. வரிசையில் நிற்பது நாம். 'பேச்சிலர்ஸுக்கு வீடு கிடையாது' என்று ஒரு போர்டு. வீட்டுக்காரரின் மனதில் இருக்கும் ஏதோ ஒரு சித்திரத்துக்காக மே மாத வெயிலில் தெருத்தெருவாக அலைவது இன்னொருவர். அதே வாசலில் இன்னும் சில கேள்விகள் கேட்கப்படும். சொந்த ஊர் எது, என்ன ஆளுங்க, வீட்டில் அசைவம் சமைப்பீங்களா. அந்தக் கேள்விகளுக்குப் பின்னால் இருக்கும் சந்தேகத்துக்கும் கேட்பவர் ஒரு பைசா செலவழிப்பதில்லை. 'முன்ஜாக்கிரதை' என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்கிறோம். மோசமானதை எதிர்பார்த்துத் தயாராக இருப்பது வேறு, ஒருவரை மோசமானவர் என்று நம்புவது வேறு. முதலாவது என் வீட்டுக் கணக்கு, இரண்டாவது அவர் மேல் போடும் பழி. பிபி84 முதலாவதை மட்டுமே செய்கிறது. அதன் இறுக்கமான அவநம்பிக்கைக்குள் யார் மேலும் ஒரு குற்றச்சாட்டு இல்லை.

இதற்கு ஒரு பலமான மறுப்பு இருக்கிறது. சாவி என்பது அர்த்தமில்லாத எண் வரிசை. தூக்கிப் போட்டால் நஷ்டம் இல்லை, இன்னொன்று தயாரித்துக்கொள்ளலாம். எந்தச் செய்தியும் இன்னும் அனுப்பப்படவே இல்லை. சந்தேகத்தை எல்லாம் முன்கூட்டியே முடித்துவிட்டு, அப்புறம்தான் பேசத் தொடங்குகிறார்கள். மனிதர்கள் அப்படியா? நாம் முதலில் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறோம். இரண்டு வருஷம் கழித்துத்தான் "அன்னைக்கு நான் சொன்னதை இவன் யார்கிட்ட எல்லாம் சொல்லியிருப்பான்" என்று யோசிக்க ஆரம்பிக்கிறோம். அந்த நேரத்தில் வெட்டிக் குறைத்துக்கொள்ள நம்மிடம் சாவி இருப்பதில்லை, நட்புதான் இருக்கிறது. இந்த மறுப்பு சரிதான். ஆனாலும் சந்தேகத்தின் செலவை யார் ஏற்பது என்ற கேள்வியை அது தொடுவதில்லை. என்னால் பாதி கொடுக்க முடியும், முழுசாக முடியாது என்றாலும், கொடுக்க வேண்டியவன் நான்தான்.

ஆய்வகத்திலிருந்து வெளியே வந்தால் கணக்கு இவ்வளவு சுத்தமாக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கூட்டுக் குடித்தனத்தில் சத்தத்தைக் குறைக்க இரண்டு வழி. சத்தம் போடுகிறவர் குரலைத் தாழ்த்தலாம், அல்லது கேட்கிறவர் காதைத் தீட்டிக்கொள்ளலாம். பல சோதனைகளில் முதல் வழியைக் கொஞ்சம் ஓசைப்படாமல் கையாண்டிருப்பார்கள். தரவு லேசரின் சக்தியை, மறுமுனைக்கு எட்டினால் போதும் என்ற அளவுக்கு இறக்கிவைத்துவிட்டு, இரண்டும் ஒன்றாக ஓடுகின்றன பாருங்கள் என்பார்கள். நிறுவனங்களின் பொறியாளர்கள் இதைக் கண்டு சிரிப்பது நியாயம்தான். ஓடுகிற நெட்வொர்க்கில் யாரும் ஒரு விருந்தாளிக்காகச் சக்தியை இறக்க மாட்டார்கள்.

இரண்டாவது வழியில்தான் நல்ல வேலைகள் நடந்திருக்கின்றன. 2012இல் கேம்பிரிட்ஜில் இருக்கும் தோஷிபா ஆய்வகத்தினர், ஃபோட்டான் வரவேண்டிய அந்த மிகக் குறுகிய கணத்தில் மட்டும் கதவைத் திறந்து மற்ற நேரம் எல்லாம் மூடிவைக்கும் கருவிகளால் 90 கி.மீ. வரை தரவோடு சேர்த்துச் சாவியை ஓட்டினார்கள். சிதறி வரும் ஃபோட்டான்களுக்கு நேரம் காலம் கிடையாது. சாவியின் ஃபோட்டான் சொன்ன நேரத்துக்கு வரும். அந்த ஒழுங்குதான் அதன் அடையாளம். 2018இல் சீன ஆய்வாளர்கள், 3.6 டெராபிட் தரவு ஓடும் வணிகத் தடத்தோடு சாவியை 66 கி.மீ. அனுப்பிக் காட்டினார்கள். அவர்கள் சாவியை 1310 நானோமீட்டருக்கு ஒதுக்கிவைத்தார்கள். ராமன் சிதறல் அவ்வளவு தூரம் எட்டுவது குறைவு. ஆனால் அங்கே கண்ணாடி அதிகம் விழுங்கும். 1550இல் 50 கி.மீ. போனால் பத்தில் ஒரு பங்கு பிழைக்கும், 1310இல் நாற்பதில் ஒரு பங்கு பிழைத்தாலே பெரிது. ஊருக்கு வெளியே அமைதியான இடத்தில் வீடு பார்த்தவர், தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிற மாதிரி.

இதில் இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒற்றை ஃபோட்டானை எண்ணுவதற்குப் பதிலாக, வரும் ஒளியை உள்ளூரில் வைத்திருக்கும் இன்னொரு லேசர் ஒளியோடு கலந்து அளக்கும் முறை ஒன்று உண்டு. அந்த உள்ளூர் ஒளியோடு நிறத்திலும் தாளத்திலும் ஒத்துப்போகிற ஒளி மட்டும்தான் அளவையில் தெரியும். மற்றவை காதில் விழாது. அதனால் ராமன் சிதறலை இது நன்றாகத் தாங்கும். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில், முன்னூறு பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவில் தன் பிள்ளை கூப்பிடுவதை மட்டும் கேட்கும் தாயைப் பார்த்திருப்பீர்கள். அவள் மற்ற பிள்ளைகளை வாயை மூடச் சொல்வதில்லை.

இங்கே நம் அனுதாபம் எங்கே போகிறது என்று கொஞ்சம் கவனிக்க வேண்டும். இவ்வளவு நேரம் நான் எழுதியதைப் படித்தால் ஒரு மெல்லிய ஃபோட்டான், பேரிரைச்சலுக்கு நடுவில் தவிக்கிறது என்ற சித்திரம் வந்திருக்கும். கதை சொல்ல வசதியான சித்திரம். ஆனால் அந்த மெல்லிய ஃபோட்டான் யாருடையது? இந்தக் கருவிகளை வாங்கக் கூடியவர்கள் அரசுகள், வங்கிகள், பெரிய நிறுவனங்கள். 2007இல் ஜெனீவாவில் வாக்கு எண்ணிக்கைத் தரவைப் பாதுகாக்க இதைப் பயன்படுத்தினார்கள். 2022இல் பிரிட்டிஷ் டெலிகாமும் தோஷிபாவும் லண்டனில் தொடங்கிய வலையின் முதல் வாடிக்கையாளர் ஈஒய் என்ற உலகளாவிய கணக்குத் தணிக்கை நிறுவனம். மறுபக்கம், பேரிரைச்சல் என்று நான் எழுதியது உங்களையும் என்னையும். அந்த லேசர் நாம் தூங்கும்போதும் அணைவதில்லை. அனுப்ப ஒன்றும் இல்லாவிட்டாலும் நிரப்புத் தரவை ஓட்டிக்கொண்டே இருக்கும். எனவே நாம் பேசுவதால்கூட இல்லை, நமக்காக ஒரு தடம் திறந்திருக்கிறது என்பதாலேயே நாம் இரைச்சல். மெலிந்த குரலில் பேசுகிறவர் எளியவர் என்று நினைப்பது இலக்கிய வாசகர்களாகிய நம்முடைய பழக்கதோஷம். இந்த இழையில் உரக்க ஓடுவது கூட்டம், மெல்லப் பேசுவது அதிகாரம். நாளைக்கு யாராவது 'குவாண்டம் பாதுகாப்புக்காகப் பொதுத் தரவின் சக்தியைக் கொஞ்சம் குறைப்போம்' என்று சொன்னால், ஃபோட்டானின் மென்மையைப் பார்த்து நாம் தலையாட்டிவிடக் கூடாது. இதுவரைக்கும் விருந்தாளிதான் அனுசரித்துப் போகிறார். அப்படியே இருக்கட்டும்.

அவநம்பிக்கையின் எல்லை எது என்ற கேள்வியும் இருக்கிறது. வழியில் நடக்கும் எதையும் நம்பாத இந்த ஏற்பாடு, தன் வீட்டுக்குள் இருப்பதை மட்டும் நம்பித்தான் தொடங்குகிறது. கருவியின் உள்ளே வரும் இரைச்சலை எதிரியின் கணக்கில் எழுதலாமா, நம்முடையது என்று தள்ளுபடி செய்யலாமா என்று இத்துறையில் ஒரு விவாதம் உண்டு. தள்ளுபடி செய்தால் சாவி நிறையக் கிடைக்கும். நம் வீட்டுச் சத்தம் சங்கீதம், வெளியிலிருந்து வருவது தொல்லை. இது நமக்குத் தெரிந்த கதைதான். 2010இல் நார்வேயில் மாகரோவ், லிடர்சன் குழுவினர் விற்பனையில் இருந்த கருவிகளையே ஏமாற்றிக் காட்டினார்கள். இழை வழியாகப் பிரகாசமான ஒளியைச் செலுத்தி, ஃபோட்டான் எண்ணும் உணரியைக் கூசவைத்து, தாங்கள் சொன்னபடி அதை ஆடவைத்தார்கள். பிழை விகிதம் ஏறவே இல்லை. வழியெல்லாம் சந்தேகப்பட்ட கருவியை அதன் கண்ணைக் கொண்டே வீழ்த்திவிட்டார்கள். அதன்பிறகு உணரியையே நம்பத் தேவையில்லாத முறைகளைக் கண்டுபிடித்தார்கள் என்பது வேறு விஷயம்.

தூரம் என்றால் இன்னும் சிக்கல். ஒற்றை ஃபோட்டானைப் பெருக்க முடியாது, பெருக்குவது நகலெடுப்பது போலத்தான். எனவே சில பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் வைத்து, அங்கே சாவியை வெளியே எடுத்து, மறுபடி புதிதாக அனுப்ப வேண்டும். 2017இல் திறக்கப்பட்ட பெய்ஜிங்–ஷாங்காய் தடத்தில், 2,000 கி.மீ.க்கு மேல், இப்படி 32 நிலையங்கள். அவற்றுக்குத் துறையில் இருக்கும் பெயர் 'நம்பகமான கணுக்கள்'. நம்பகமானது என்றால் அது நம்பிக்கைக்குத் தகுதியானது என்று பொருள் இல்லை. அதை நம்பித்தான் ஆக வேண்டும், வேறு வழி இல்லை என்று பொருள். அந்த அறைகளுக்கும் ஒரு பூட்டு, ஒரு காவலாளி, ராத்திரி டியூட்டி பார்க்கும் ஒரு டெக்னீஷியன் இருப்பார்கள். ஃபோட்டானின் மேல் நமக்கு இருக்கும் கோட்பாட்டு உறுதி எல்லாம் அவருடைய சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்பதில் போய் முடிகிறது.

எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று. இரண்டு முனைகளும் பொதுவில் பிழையை ஒப்பிடும்போது, எதிர்முனையில் இருப்பவர் உண்மையிலேயே அவர்தானா என்று உறுதி செய்ய வேண்டும். அதற்கு ஒரு சின்ன ரகசியமாவது அவர்களுக்குள் முன்பே இருக்க வேண்டும், அல்லது இருவரும் நம்பும் வேறு ஏதாவது சான்று வேண்டும். எனவே இது சாவியை உருவாக்கும் முறை என்பதைவிட, ஏற்கெனவே இருக்கும் ஒரு சின்னச் சாவியைப் பெரிதாக வளர்க்கும் முறை என்பதே சரி. தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி. யாரையும் நம்பாமல் தொடங்கலாம் என்று யாராவது சொன்னால், உறை எங்கே வாங்கினீங்க என்று கேட்க வேண்டும்.

இதெல்லாம் தெரிந்துதான் அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை, தன் முக்கிய அமைப்புகளைப் பாதுகாக்க இந்த முறையைப் பரிந்துரைப்பதில்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. குவாண்டம் கணினியாலும் உடைக்க முடியாது என்று கருதப்படும் புதிய கணித முறைகள் இருக்கின்றன. 2024 ஆகஸ்டில் அவற்றில் மூன்றை அமெரிக்கத் தர நிறுவனம் அதிகாரபூர்வ வடிவில் வெளியிட்டது. அவற்றுக்குப் புது இழையோ கருவியோ வேண்டாம், மென்பொருளை மாற்றினால் போதும். நடைமுறைப் பயன் என்று மட்டும் பார்த்தால் எனக்கும் அந்தப் பக்கம்தான் சாய்வு. அந்த முகமை சொல்லும் காரணங்களில் ஒன்று என்னை அதிகம் யோசிக்கவைத்தது. இந்தச் சாவித் தடத்தை முடக்குவது எளிது. ஒட்டுக்கேட்க முடியாதவர்கள்கூட இழையில் கொஞ்சம் வெளிச்சத்தை விட்டால் போதும், பிழை 11 சதவீதத்தைத் தாண்டும், சாவி நின்றுவிடும். எல்லா இரைச்சலையும் ஒற்றன் என்று எடுத்துக்கொள்கிறவரை ஊமையாக்க ஒற்றன் தேவையில்லை. தெருவில் யாராவது வெடி வெடித்தால் போதும்.

அப்படியானால் அந்த விதியே தப்பு என்று ஆகிவிடுமா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாவி நின்றுபோகும்போது ரகசியம் ஒன்றும் கசிந்திருக்காது. தெரியாத நிலையில் அது பேசாமல் இருந்துவிடுகிறது. யாரையோ பிடித்து உள்ளே வைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்வதில்லை. ஆனால் பேசாமல் இருந்தே ஆக வேண்டிய விலையும் சின்னது இல்லை. அவசரமாக ஒன்றைச் சொல்ல வேண்டிய நேரத்தில், வெளியே இரைச்சல் அதிகமாக இருக்கிறது என்று வாயை மூடிக்கொள்கிறவரின் எச்சரிக்கை யாருக்கு உதவும்? இந்த இரண்டுக்கும் நடுவில் என் மனம் இன்னும் ஒரு பக்கமாக நிற்கவில்லை.

ராமன் சிதறலைப் பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது. நீண்ட சுரங்கச் சாலைகளின் கூரையிலும், பூமிக்கடியில் போகும் உயரழுத்த மின் கேபிள்களின் ஓரத்திலும், எண்ணெய்க் கிணறுகளுக்குள்ளும் கண்ணாடி இழையை இழுத்துக் கட்டுகிறார்கள். அதில் யாருடைய தரவும் ஓடாது. ஒரு முனையிலிருந்து லேசர் துடிப்பை அனுப்பிவிட்டு, திரும்பிச் சிதறி வரும் ஒளியை மட்டும் அளப்பார்கள். நிறம் மாறிய சிதறலில் குறுகிய அலைநீளப் பக்கம் எவ்வளவு, நெடிய அலைநீளப் பக்கம் எவ்வளவு என்ற விகிதம் அந்த இடத்தின் சூட்டைச் சொல்லும். ஒளி திரும்பி வர எடுத்த நேரம் அந்த இடம் எது என்பதைச் சொல்லும். சுரங்கத்துக்குள் எத்தனையாவது மீட்டரில் லாரி தீப்பிடித்திருக்கிறது என்று கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு இப்படித்தான் தெரியவருகிறது.